வட்டி 12 என்பார், 25 கறப்பார்! சிபில் குறைந்தவர் கார் வாங்கும் கதை

பழைய கார் விற்கும் கன்சல்டிங் கடைகளுக்கு நம்ம சென்னையில் பஞ்சமில்லை. வாசலில் கலர் கலராக பலூன். கண்ணாடியில் பளிச்சென்று எழுத்து: "சிபில் இல்லையா? பரவாயில்லை! ஒரே நாளில் லோன்!"

பேங்கில் மூணு தடவை விரட்டப்பட்ட ஆசாமிக்கு அந்தப் 'பரவாயில்லை' ஒன்றே போதும். மனசு குளிர்ந்துவிடுகிறது. உள்ளே போகிறார். காபி வருகிறது. "உக்காருங்கண்ணே, நாங்க இருக்கோம்ல!" என்கிறார் கடைக்காரர். சாயங்காலத்துக்குள் சாவி கைக்கு வந்துவிடுகிறது.

அந்தப் 'பரவாயில்லை'க்கு என்ன விலை? அதை மட்டும் எந்தக் கண்ணாடியிலும் எழுதுவதில்லை. கடன் பழக்கம் கெட்டுப்போனவரிடம் கூட ரெண்டு வட்டி கேட்கட்டும், அது வியாபாரம். ஆனால் எவ்வளவு கேட்கிறோம் என்பதை மறைத்துக் கேட்டால் அதற்குப் பெயர் வேறு. இந்த மறைப்பை நிறுத்த ரிசர்வ் வங்கி விதியே போட்டிருக்கிறது. அந்த விதி கன்சல்டிங் கடை வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை என்பதுதான் என் புகார்.

சிபில் என்ன பூதம்?

2000-ம் வருஷம் ஆரம்பித்த கம்பெனி சிபில். நாம் வாங்கின கடன், கட்டின தவணை, கட்டாமல் விட்ட தவணை எல்லாவற்றையும் பேங்குகளிடமிருந்து வாங்கிப் பதிவு செய்து மார்க் போடுகிறது. குறைந்த மார்க் 300. அதிக மார்க் 900. சிபில் மட்டுமல்ல, எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்று இன்னும் மூணு கம்பெனிகள் இதே வேலையைச் செய்கின்றன. ஆனால் ஜனங்கள் வாயில் எல்லாமே 'சிபில்' தான்.

மார்க் குறைந்தவன் எல்லாம் மோசடிப் பேர்வழி என்று நினைத்தால் தப்பு. 2020 கொரோனா ஊரடங்கில் வண்டி ஓடாமல் கிரெடிட் கார்டு பாக்கி வைத்த டிரைவர் இருக்கிறார். அண்ணன் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டு, அண்ணன் கட்டாததால் தன் மார்க்கைத் தொலைத்த தம்பி இருக்கிறார். போன் ஆப்பில் ரெண்டாயிரம் ரூபாய் வாங்கி மறந்துபோன கல்லூரிப் பையன் இருக்கிறான். 'பாதியைக் கட்டுங்க, முடிச்சுக்கலாம்' என்று பேங்க்காரர் சொன்னதை நம்பி செட்டில்மென்ட் செய்தவர்கள் ஏராளம். சிபில் ரிப்போர்ட்டில் 'செட்டில்டு' வேறு, 'குளோஸ்டு' வேறு. முன்னது கறுப்புப் புள்ளி மாதிரி வருஷக்கணக்கில் ஒட்டிக்கொண்டு நிற்கும்.

கடனே வாங்காதவருக்கும் சிக்கல் உண்டு. சரித்திரமே இல்லாததால் அவருக்கு மார்க்கும் கிடையாது. 2025 ஆகஸ்டில் மத்திய அரசு பார்லிமென்டில் இதற்குப் பதில் சொன்னது. முதன்முதலாகக் கடன் கேட்பவரை, பழைய சரித்திரம் இல்லை என்ற ஒரே காரணத்துக்காகத் தள்ளக்கூடாது. இத்தனை மார்க் இருந்தால்தான் கடன் என்று ரிசர்வ் வங்கி எந்த வரம்பும் வைக்கவில்லை என்றது. பேங்க் கவுண்டரில் இதைச் சொல்லிப் பாருங்கள். "ஹெட் ஆபீஸ்ல கேளுங்க சார்" என்பார்கள்!

12 எப்படி 25 ஆகிறது?

பேங்க் கைவிட்டதும் அடுத்த வாசல் பைனான்ஸ் கம்பெனி. இங்கேதான் கணக்கில் கண்கட்டு வித்தை நடக்கிறது. பேப்பரும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கடன் 4 லட்சம். மூணு வருஷம். வட்டி 12 சதவீதம், 'பிளாட்' என்கிறார் கன்சல்டிங்காரர். நகைக் கடனே அந்த ரேஞ்சில் இருக்கிறதே என்று நம்ம ஆள் தலையாட்டிவிடுகிறார்.

பிளாட் என்றால் என்ன? நாலு லட்சத்துக்கு வருஷம் 48 ஆயிரம். மூணு வருஷத்துக்கு 1 லட்சத்து 44 ஆயிரம். மொத்தம் 5 லட்சத்து 44 ஆயிரத்தை 36 மாசத்தில் வகுத்தால் மாசம் 15 ஆயிரத்து 111 ரூபாய் டியூ.

சூட்சுமம் எங்கே தெரியுமா? நீங்கள் மாசாமாசம் அசலையும் சேர்த்துத்தான் கட்டுகிறீர்கள். கடைசி வருஷத்தில் உங்கள் கையில் இருக்கும் அசல் நாலு லட்சமே இல்லை. ஒன்றரை லட்சத்தைச் சுற்றி ஆரம்பித்துத் தேய்ந்துகொண்டே போகிறது. ஆனால் வட்டி மட்டும் கடைசி மாசம் வரை முழு நாலு லட்சத்துக்கும் ஓடுகிறது! குறைகிற அசலுக்கு ஏற்ப வட்டி போடும் பேங்க் முறையில் இதே டியூவைக் கணக்குப் போட்டால் வட்டி 12 அல்ல. 21 சதவீதம்.

அதோடு விட்டார்களா? பிராசஸிங் கட்டணம், டாக்குமென்ட் கட்டணம், கடனுக்கு ஒரு இன்ஷூரன்ஸ், ஆர்.டி.ஓ. செலவு என்று முன்கூட்டியே 20 ஆயிரத்தைக் கழித்துக்கொண்டால் கடன்காரருக்கு நிஜமாகக் கிடைத்தது 3 லட்சத்து 80 ஆயிரம்தான். டியூ மட்டும் அதே 15 ஆயிரத்து 111. இப்போது கணக்குப் போட்டால் வட்டி 25 சதவீதம்!

வாயில் சொன்னது 12. கையில் வாங்கியது 25. இதே வித்தையைத் தண்டல்காரர் செய்தால் ஊரே திட்டுகிறது. ஏ.சி. அறையில் கம்ப்யூட்டர் பில் போட்டுச் செய்தால் கைகுலுக்கிவிட்டு வருகிறோம்.

வெற்றுத்தாளில் கையெழுத்து

அடுத்தது கையெழுத்து வைபவம். நாற்பது ஐம்பது பக்கம் இங்கிலீஷ் ஒப்பந்தம். "இங்க... இங்க... இங்க..." என்று விரல் வைத்துக் காட்டுவார் பையன். பார்ட்டி போட்டுக்கொண்டே போவார். நடுவே பூர்த்தி செய்யாத செக் நாலைந்து. ஆர்.டி.ஓ. ஆபீசில் வண்டியைப் பேர் மாற்றும் 29, 30-ம் நம்பர் படிவங்களிலும் முன்கூட்டியே கையெழுத்து.

வெற்று செக்தானே, என்ன ஆகிவிடும் என்று அலட்சியமாக இருக்க வேண்டாம். கையெழுத்துப் போட்டுக் கொடுத்த வெற்று செக்கைப் பிறகு பூர்த்தி செய்து போட்டாலும் செக் மோசடி வழக்கு நிற்கும் என்று 2019-ல் சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது. 138-வது பிரிவு. இரண்டு வருஷம் வரை ஜெயில் உண்டு.

படிவமும் அப்படித்தான். கையெழுத்துப் போட்ட 29-ம் 30-ம் அடுத்தவர் கையில் இருந்தால், கார் உங்கள் வாசலில் நின்றாலும் சாவி பாதி அவர் கையில்தான் இருக்கிறது.

நடுராத்திரி பறிப்பு

போலீஸ் ஸ்டேஷன்களில் செய்தி சேகரிக்கப் போகும்போது ஒரு வகைப் புகார் அடிக்கடி கண்ணில் படும். "சார், கார் காணோம் சார்!" என்று லபோதிபோ என்று ஓடிவருவார் ஒருத்தர். ரைட்டர் வண்டி நம்பரைக் கேட்பார். ஒரு போன் போடுவார். பிறகு சாவகாசமாகச் சொல்வார்: "ஏம்ப்பா, டியூ கட்டலியா நீ? பைனான்ஸ்காரங்க எடுத்துட்டுப் போயிருக்காங்க. இது சிவில் மேட்டர். போய்ப் பேசிக்க."

கால் டாக்சி ஓட்டும் ஒரு டிரைவர் கதை இது. பெயர் வேண்டாம். மேலே சொன்ன அதே கணக்குத்தான்: 4 லட்சம் கடன், 36 டியூ. 14 டியூவை ஒழுங்காகக் கட்டினார். மனைவிக்கு ஆபரேஷன் வந்து ரெண்டு டியூ தவறியது. மதுரவாயல் பைபாசில் ராத்திரி பதினொன்றரை மணிக்கு ரெண்டு பைக்கில் நாலு பேர் மறித்தார்கள். பின் சீட்டில் இருந்த சவாரியை இறங்கச் சொன்னார்கள். சாவியைப் பிடுங்கினார்கள். வண்டி பறந்துவிட்டது. சவாரிக்கும் டிரைவருக்கும் மிஞ்சியது ரோடுதான்.

அவர் கட்டியது 2 லட்சத்து 11 ஆயிரத்துக்கு மேல். அசலில் கழிந்தது 1 லட்சத்து 26 ஆயிரம்தான். பாக்கி அசல் 2 லட்சத்து 73 ஆயிரம். வண்டியை யார்டில் நிறுத்தி ஏலம் விட்டார்கள். போனது 2 லட்சத்து 20 ஆயிரத்துக்கு. யார்டு வாடகை, பிடித்த கூலி எல்லாம் சேர்த்து 'இன்னும் 70 ஆயிரம் கட்டு' என்று நோட்டீஸ் வந்தது. வண்டியும் போச்சு, பிழைப்பும் போச்சு, கடன் மட்டும் வீட்டில் குந்திக்கொண்டிருக்கிறது. மார்க்? அது பாதாளத்தில்.

சட்டம் என்ன சொல்கிறது? ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் வண்டியை எடுக்கக் கம்பெனிக்கு உரிமை உண்டு. அதை மறுக்க முடியாது. ஆனால் எடுப்பதற்கு முன் எத்தனை நாள் நோட்டீஸ், விற்பதற்கு முன் கடைசி வாய்ப்பு எப்படி, வண்டியைத் திருப்பிக் கொடுப்பது எப்படி, ஏலம் எப்படி என்பதையெல்லாம் ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும் என்கிறது பைனான்ஸ் கம்பெனிகளுக்கான ரிசர்வ் வங்கி விதி. அடியாள் வைத்து வண்டி பறிப்பதை 2007-லேயே சுப்ரீம் கோர்ட் கண்டித்துவிட்டது. காலை 8 மணிக்கு முன்னும் சாயங்காலம் 7 மணிக்குப் பின்னும் கடன் கேட்டு போன்கூடப் போடாதே என்று 2022 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி சுற்றறிக்கை விட்டது. போனே கூடாத நேரத்தில் பைபாசில் மறிப்பது எந்த ஊர் நியாயம்?

ஆகவே ரைட்டர் ஐயாவுக்கு ஒரு வேண்டுகோள். டியூ பாக்கி சிவில் மேட்டர்தான். சட்டையைப் பிடித்தால், சாவியைப் பிடுங்கினால், சவாரியை நடுரோட்டில் இறக்கிவிட்டால் அது கிரிமினல் மேட்டர். புகாரை வாங்கி ரசீது கொடுங்கள். விசாரித்து முடிவு பண்ணுங்கள்.

அந்தப் பக்கமும் நியாயம் உண்டு

பைனான்ஸ்காரர் எல்லாம் வில்லன் என்று எழுதினால் அது ஒருதலைப் பட்சம். வண்டிக் கடனை வளர்த்ததே இந்த ஊர். சுந்தரம் பைனான்ஸ் 1954-ல் இங்கே தொடங்கியது. ஸ்ரீராம் 1974-ல் வந்தது. சோழமண்டலம் 1978-ல். சிபில் என்ற பேச்சே இல்லாத காலத்தில் பழைய லாரி வாங்க நினைத்த டிரைவருக்கு ஆளைப் பார்த்து, தொழிலைப் பார்த்துக் கடன் கொடுத்தார்கள். டிரைவர் முதலாளி ஆனார். அதெல்லாம் நல்ல காரியம்தான்.

மூணு டியூ கட்டிவிட்டுக் கம்பி நீட்டும் ஆசாமிகளும் இருக்கிறார்கள். நம்பர் பிளேட்டை மாற்றி வெளி மாநிலம் ஓட்டிப் போனவரும், காரை உதிரி உதிரியாகக் கழற்றி விற்றவரும் எங்கள் கிரைம் செய்தியில் வந்திருக்கிறார்கள். மார்க் குறைந்தவருக்குக் கொடுக்கும் பணம் வராமல் போகும் ஆபத்து அதிகம். அதற்காக வட்டி கூடத்தான் செய்யும்.

சரி, 25 சதவீதம்தான் உங்கள் ரேட் என்றால் 25 என்றே சொல்லுங்கள். கேட்பவர் யோசிப்பார். சின்ன காராகப் பார்ப்பார். முன்பணம் கூட்டிப் போடுவார். இல்லை, ஆறு மாசம் பொறுத்துக்கொள்வார். 12 என்று சொல்லும்போது அந்த யோசனைக்கே இடம் இல்லாமல் போகிறது. ரேட்டை மறைத்தவர், வாங்குகிறவரின் புத்தியையே பறித்துவிடுகிறார்.

குறுக்கு வழிக்காரர்கள்

இந்தக் கூத்தில் இன்னும் ரெண்டு கோஷ்டி உண்டு.

முதல் கோஷ்டி, 'சிபில் ஸ்கோர் ஏற்றித் தருகிறோம்' என்று விளம்பரம் செய்து ஆயிரக்கணக்கில் கறப்பவர்கள். இது பச்சை டூப்பு. நிஜமாகவே கட்டாமல் விட்ட கடனை ரிப்போர்ட்டிலிருந்து எந்தக் கொம்பனாலும் அழிக்க முடியாது. தப்பாக ஏறியிருந்தால் அதைத் திருத்த ஒரு பைசா செலவில்லை. நீங்களே அந்தக் கம்பெனியின் இணையதளத்தில் புகார் போடலாம். 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால் அதற்குப் பிறகு நாளைக்கு 100 ரூபாய் வீதம் உங்களுக்கு நஷ்ட ஈடு தரவேண்டும் என்று 2023 அக்டோபரில் ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டது. 2017 முதல் ஒவ்வொரு கம்பெனியும் வருஷத்துக்கு ஒரு முறை முழு ரிப்போர்ட்டை இலவசமாகத் தரவேண்டும் என்ற விதியும் இருக்கிறது. நாலு கம்பெனி, நாலு ரிப்போர்ட். சும்மா கிடைப்பதற்கு ஏன் துட்டு?

இரண்டாவது கோஷ்டி நம்ம சொந்தக்காரர்களேதான். "மச்சான், உன் பேர்ல லோன் போட்டுக்கறேன், டியூ நான் கட்டிடறேன்." மச்சான் மறுக்க முடியாமல் கையெழுத்துப் போடுகிறார். டியூ தவறினால் நோட்டீஸ் மச்சான் வீட்டுக்கு. மார்க் சரிவது மச்சானுக்கு. கார் யாரையாவது இடித்துவிட்டால் ஆர்.சி. புக்கில் இருக்கும் பெயர் என்பதால் கோர்ட் சம்மனும் மச்சானுக்கே. நான் பார்த்தவரை இந்தக் கதை பல வீட்டில் பேச்சுவார்த்தை நின்றுபோவதில்தான் முடிகிறது.

கன்சல்டிங்காரர் செய்யும் இன்னொரு வேலை: ஒரே நாளில் பத்துக் கம்பெனிக்கு உங்கள் பேன் கார்டை அனுப்பிவிடுவார். ஒவ்வொரு விசாரணையும் ரிப்போர்ட்டில் பதிவாகும். 'இந்த ஆள் பணத்துக்கு அலைகிறான்' என்று அர்த்தம். ஏற்கெனவே நொண்டும் மார்க் இன்னும் சரியும்.

கேட்க வேண்டியது ஒரே ஒரு தாள்

இவ்வளவு மறைப்பையும் உடைக்க ஒரு தாள் இருக்கிறது. கே.எஃப்.எஸ். என்பார்கள். முக்கிய விவர அறிக்கை. 2024 அக்டோபர் 1-ந் தேதிக்குப் பிறகு கொடுக்கும் எந்தச் சில்லறைக் கடனுக்கும் பேங்கும் பைனான்ஸ் கம்பெனியும் இதைக் கொடுத்தே ஆகவேண்டும். கார் கடனும் அதில் அடக்கம்.

அதில் என்ன இருக்கும்? எல்லாக் கட்டணமும் சேர்த்து வருஷத்துக்கு மொத்தம் எத்தனை சதவீதம் விழுகிறது என்ற ஒரே நம்பர் இருக்கும். நம்ம கணக்கில் 12 அல்ல, 21 அல்ல, அந்த 25! மாசாமாசம் அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு என்ற பட்டியலும் கூட வரவேண்டும். கடன் வாங்குகிறவருக்குப் புரிகிற மொழியில் இருக்கவேண்டும். தமிழில் கேட்டால் தமிழில் தரவேண்டும். வாயால் விளக்கியும் சொல்லவேண்டும். தாளைப் பார்த்துவிட்டு யோசிக்கக் குறைந்தது மூணு வேலை நாள் அவகாசம் உண்டு. 'இன்னிக்கு விட்டா ஆஃபர் போயிடும்ணே' என்ற அவசரத்துக்கு இதுதான் பதில். அதில் எழுதாத எந்தக் கட்டணத்தையும் உங்கள் சம்மதம் இல்லாமல் பிறகு வாங்க முடியாது.

இத்தனை நல்ல விதி. ஆனால் கையெழுத்துக் கட்டுக்குள் நாற்பதோடு நாற்பத்தொன்றாக இந்தத் தாளையும் செருகிவிடுகிறார்கள். 'பார்த்தேன், புரிந்தது' என்று நம்ம ஆளும் கையெழுத்துப் போட்டுவிடுகிறார். பார்க்கவும் இல்லை, புரியவும் இல்லை!

என்ன செய்யலாம்?

ரிசர்வ் வங்கிக்கு: தாள் போதாது, போர்டு வேண்டும். கார் கடன் பேசும் ஒவ்வொரு கடை வாசலிலும், கடன் மேளா பந்தலிலும் மொத்த வருஷ வட்டி எத்தனை என்று கொட்டை எழுத்தில் தமிழில் எழுதி வைக்க உத்தரவு போடுங்கள். 'பிளாட் வட்டி' என்ற வார்த்தையை விளம்பரத்தில் தடை செய்யுங்கள். காய்கறிக் கடையில் விலைப் பலகை இருக்கிறது. லட்சக்கணக்கில் கடன் விற்கும் கடையில் இல்லை!

போலீசுக்கு: வண்டி பறிப்புப் புகாரை 'பேசிக்க' என்று தள்ளாதீர்கள்.

வாசகர்களுக்கு: முதலில் இலவச ரிப்போர்ட் எடுத்துப் பாருங்கள். தப்பு இருந்தால் திருத்துங்கள். சின்னப் பாக்கி இருந்தால் முழுசாகக் கட்டி, 'பாக்கி இல்லை' என்று கடிதம் வாங்குங்கள். பேங்குகள் 15 நாளுக்கு ஒரு முறையாவது சிபிலுக்குத் தகவல் தரவேண்டும் என்று 2025 ஜனவரியில் விதி வந்ததால் கட்டினது முன்னைவிடச் சீக்கிரமாக ஏறும். உங்கள் சம்பளமோ சவாரிப் பணமோ விழுகிற பேங்கில் முதலில் கேளுங்கள். ஆறு மாச ஸ்டேட்மென்ட் நல்ல சாட்சி. பிறகுதான் கன்சல்டிங் கடை.

கடைக்குப் போனால் காபியைக் குடியுங்கள், தப்பில்லை. ஆனால் அந்தத் தாளைத் தனியாக வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள். பத்தாவது படிக்கிற பிள்ளையைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்லுங்கள். தர மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். வெற்றுத்தாளில் கையெழுத்துக் கேட்டாலும் அப்படியே. ஒப்பந்த நகல் உங்கள் உரிமை, கேட்டு வாங்குங்கள். டியூ முடிந்ததும் என்.ஓ.சி. வாங்கி, ஆர்.டி.ஓ. ஆபீசில் 35-ம் நம்பர் படிவம் கொடுத்து ஆர்.சி.யில் கம்பெனி பெயரை நீக்குங்கள்.

அநியாயம் நடந்தால் முதலில் கம்பெனிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, பதில் திருப்தி இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பு அதிகாரி இருக்கிறார். 14448 என்ற நம்பரில் விவரம் கேட்கலாம்.

மார்க் குறைந்தது உண்மையாகவே இருக்கட்டும். பரீட்சையில் பெயிலான பையனுக்கும் கேள்வித்தாளைப் படித்துப் பார்க்கிற உரிமை உண்டு. கடன்காரருக்கு மட்டும் அது ஏன் இல்லை?